பாப்பா பேருக்கு ஒரு டிக்கெட்

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரியாத ஒரே ஆள் நான்தான். அந்த ஆபீஸின் மேனேஜரும் நான்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு அது பழகிப்போன சிரிப்பு.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றில்தான் ஆபீஸ். வெளியூர்க் கம்பெனி ஒன்று, சுற்றுவட்டாரத்து அலுவலகங்களின் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, கைரேகை வைக்கிற மிஷின், லாரி எடைமேடை எல்லாவற்றையும் பழுது பார்க்க கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. நான் படித்தது வரலாறு. என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் என் வாய். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பிளாக்கில் ஒரு வீடு திருநெல்வேலி, அடுத்த வீடு தஞ்சாவூர், எதிர்வீடு சேலம். யாரிடம் எப்படிப் பேசினால் கோபம் தணியும், யாருக்கு முதலில் காபி நீட்டிவிட்டு விஷயத்துக்கு வரவேண்டும், யாரிடம் நேராகப் போட்டு உடைக்கலாம், இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தார்கள். நான் அதை வாய் என்றுதான் சொல்வேன்.

ஸ்டோர்ஸில் ஒரு சூப்பரின்டெண்டென்ட் இருந்தார். அடிக்கடி போன் போட்டு, "பிரிண்டர் செத்துப் போச்சும்மா, தூக்கிப் போடுங்க" என்பார். பிரிண்டர் சாகவில்லை. புதிதாக வந்த அதிகாரி அவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டால் அன்றைக்கு அவர் பிரிண்டர் சாகும். நாங்கள் ஸ்கூட்டியில் போய், அவர் புலம்புவதை முழுசாகக் கேட்டு, நடுவில் நடுவில் "அநியாயங்க" என்று சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் பிரிண்டர் பிழைத்துவிடும். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

என்னிடம் நாலு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒருத்தி கம்மாபுரத்துப் பக்கம். எல்லாருக்கும் அவள் பாப்பா. டிப்ளமோ படித்தவள். மிஷினைத் திறந்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரியும், மூடிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறவரிடம் எப்படிப் பேசவேண்டும் என்றும் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. அவள் போன் நம்பர் டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்கு மனப்பாடம். போன் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டே, "வந்துக்கினே இருக்கங்க, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, முடிச்சிருப்பன்" என்பாள். சொன்னபடியே முடித்திருப்பாள்.

அவர்கள் வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வீட்டில் ஒருத்தருக்குப் பர்மனென்ட் வேலை வரும் என்று அப்பா வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தார். வரவில்லை. கடைசியில் வேலை என்று வந்தது மகளுக்கு, அதுவும் கான்ட்ராக்ட்டில், அதுவும் அவளே இன்டர்வியூவுக்கு வந்து எடுத்துக்கொண்டது. அவள் மறந்து வைத்துவிட்ட சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அப்பா ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. "எம் பொண்ணு எதுலங்க ஒக்காருது?" என்று கேட்டார். காட்டினேன். அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியின் முதுகை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "நெலம் போனதுக்கு எங்க வூட்டுக்கு வந்தது இந்த நாற்காலிதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதில் கசப்பு இல்லை. பெருமைதான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் லீடு வந்து சேர்ந்தார். டெக்னிக்கல் லீடு. சென்னைக்காரர், என்னைவிட ரொம்பச் சின்ன வயசு. கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: ஆட்களைப் பார்த்துக்கொள்ள நான், மிஷின்களைப் பார்த்துக்கொள்ள அவர். ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து மேசை.

பொய் சொல்லக் கூடாது, மனுஷன் கெட்டிக்காரர். லாரிகள் நிற்கும் யார்டில் உள்ள கேமராக்கள் மதியமானால் உறைந்து போய் நின்றுவிடும். தூசி என்றோம், வெயில் என்றோம், குரங்கு ஒயரைக் கடிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தோம். அவர் வந்த அன்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாரோடும் பேசவில்லை. சாயந்திரம் எழுந்தபோது கேமரா எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவை நின்றதே இல்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. "எப்படி சார் பண்ணீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "கான்ஃபிகரேஷன் மேடம்" என்றார். மறுபடி இயர்போன். அவ்வளவுதான் எங்கள் முதல் உரையாடல்.

குட் மார்னிங் சொன்னால் தலையசைப்பார். பக்கத்து மேசையில் இருந்துகொண்டு எனக்கு மெயில் போடுவார். எடைமேடையில் வேலை பார்க்கும் முத்தாண்டிக்குப்பத்து அண்ணன் தன் வீட்டு மரத்துப் பலாப்பழம் ஒன்றைப் பெரிய மனசோடு கொண்டுவந்து கொடுத்தார். ஆபீஸே மணந்தது. அரைமணியில் மெயில் வந்தது: சர்வர் அறை அருகில் உணவுப் பொருள் கூடாது. அட, வாயைத் திறந்து சொன்னால் என்ன, பலாச்சுளையா வாய்க்குள் இருந்தது?

கொஞ்ச நாளில் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார். இனிமேல் போன் வேண்டாம் என்றார். பழுது என்றால் அந்தந்த ஆபீஸ்காரர்களே கம்ப்யூட்டரில் ஒரு படிவம் திறந்து பதிய வேண்டும். அதற்குப் பெயர் டிக்கெட். எந்த இடம், யார் வந்து பார்க்கவேண்டும், என்ன பிரச்சினை என்று நிரப்பினால் அந்த ஆளுக்கு வந்து சேரும். வேலை முடிந்ததும் எங்கள் ஆள் அதை மூட வேண்டும். எத்தனை மூடினோமோ அந்த அளவுக்கு நம் பெயருக்கு நேரே திரையில் பச்சைக் கம்பம் வளரும்.

"டிக்கெட் இல்லைனா அது வேலை இல்லை" என்றார் லீடு. அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான வாக்கியம்.

அதே சமயம் தலைமை ஆபீஸிலிருந்து இன்னொரு சேதி வந்தது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறபோது நாலு பேருக்கு இடமில்லை, மூணு பேர்தான். யார் என்பதைத் திரை சொல்லும்.

திரையில் மற்ற மூவரின் கம்பமும் இடுப்பளவுக்கு நின்றது. பாப்பாவுடையது கணுக்கால்கூட இல்லை. இருக்காதா பின்னே! அவளுக்குத்தான் எல்லாரும் போன் போடுகிறார்களே. டிக்கெட் போட்டுவிட்டு வாருங்கள் என்று ஸ்டோர்ஸ் பெரியவரிடம் சொல்ல அவளுக்கு மனசு வராது. போவாள், பார்ப்பாள், வருவாள். திரைக்கு அது தெரியாது.

லீடிடம் போய் நின்றேன். "சார், இந்த நாலு பேர்ல அதிகமா ஓடறது இந்தப் பொண்ணுதான். போன் வந்ததுமே போய் முடிச்சுடுது. அதான் கணக்குல ஏறல."

"டேட்டால இல்லையே மேடம்."

"டேட்டால இல்லைனா? என் கண்ணால பாக்குறேன் சார் தினமும்!"

"கண்ணால பாக்குறதை சிஸ்டத்துல ஏத்த முடியாது மேடம்."

நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவருக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: போன் போடுகிறவர்களிடம் டிக்கெட் போடச் சொல், உன் பேரைப் போடச் சொல்.

"எப்டீங்க மேடம் நானே கேக்குறது? எம் பேர்ல போடுங்க, எம் பேர்ல போடுங்கன்னு... பிச்ச கேக்குற மாதிரி இருக்குது."

"வேலை போயிடும்டி!"

"தெரியுங்க மேடம்" என்றாள். "எங்கப்பா இன்னும் கேட்டுக்கினே இருக்காரு, அந்த நாற்காலிய எப்ப பர்மனென்ட் ஆக்குவாங்கன்னு. நான் சிரிச்சுக்கினே போயிடுவன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயால் ஆகிற காரியம் என்றால் எந்த வாசலிலும் போய் நின்றிருப்பேன். இங்கே வாசலே இல்லை, ஒரு திரைதான் இருந்தது.

எடைமேடை அண்ணன் டீக்கடையில் பிடித்துக்கொண்டு கேட்டார், "என்னாம்மா, பாப்பா மூஞ்சியே சரியில்ல?" வீட்டு மனுஷரிடம் சொல்வது போல உள்ளதைச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தார்.

"டிக்கெட்டுதான? பாப்பா பேர்ல போடணும், அவ்ளோதான? உடும்மா. நாங்க பாத்துக்கிறோம்."

அண்ணன் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். எடைமேடை, ஸ்டோர்ஸ், கேட், ஒர்க்‌ஷாப் என்று எல்லா இடத்து ஆட்களும் அதில் உண்டு. குலதெய்வப் பூஜை, கல்யாணப் பத்திரிகை, ஷிஃப்ட் மாற்றம் எல்லாம் அதில்தான் ஓடும். அதில் ஒரு செய்தி போட்டார்: நம்ம பாப்பா வேலை நிலைக்கணும்னா ஆளாளுக்கு டிக்கெட் போடுங்க, பாப்பா பேரை மறக்காதீங்க.

மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது போல வந்தது பாருங்கள்! "பாப்பா வந்து கீபோர்டு துடைத்துக் கொடுத்தது, நன்றி" என்று ஒன்று. "எல்லாம் நன்றாக ஓடுகிறது, பாப்பா நல்ல பிள்ளை" என்று ஒன்று. ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்டென்ட் பத்தி பிரித்து ஒரு நற்சான்றிதழே எழுதியிருந்தார். கேட்டில் ஒரு புண்ணியவான், சும்மா போட்டால் பொய்யாகிவிடும் என்று, கேமரா ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு டிக்கெட் போட்டார். பாப்பா போய்ச் செருகிவிட்டு வந்ததும், அடுத்த ஷிஃப்ட் ஆள் தன் பங்குக்கு அதையே பிடுங்கினார்.

அவள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அன்றன்றே மூடினாள். பச்சைக் கம்பம் விறுவிறுவென்று வளர்ந்தது. மற்ற மூவரையும் தாண்டிப் போயிற்று. நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திரையைக் காட்டினேன். அண்ணன் இன்னொரு பலாப்பழம் கொண்டுவந்தார். லீடு பார்க்கட்டும் என்றே சர்வர் அறைக்கு முன்னால் வைத்து அறுத்தேன்.

பாப்பாவுக்குத்தான் முகம் தெளியவில்லை. "போதும்னு சொல்லுங்க மேடம். இவ்ளோ வாணாம். பயமா இருக்குது."

"கொடுக்கிறதை வாங்கிக்கோ. கண்ணு போடாதே" என்றேன்.

லீடு ஒரு மெயில் அனுப்பினார். இங்கிலீஷில் ஒரு வரி, கூட ஒரு படம். அந்தப் படத்தில் என்னென்னவோ கோடு. 'ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, தயவுசெய்து கவனிக்கவும்' என்கிற மாதிரி அந்த வரி இருந்தது. வாரம் தவறாமல் இப்படி எதையாவது அனுப்புகிறவர்தான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரும் எழுந்து வந்து இதுதான் மேடம் என்று சொல்லவில்லை.

மாதம் முடிந்ததும் தலைமை ஆபீஸிலிருந்து முடிவு வந்தது. மூவர் இருக்கலாம். பாப்பாவை வேலையிலிருந்து விடுவிக்கவும். காரணம்: அவர் பொறுப்பில் உள்ள இடங்களில்தான் பழுதுகள் மிக அதிகம்.

வீம்பையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு லீடின் மேசைக்கு ஓடினேன். "என்ன சார் இது? அவ கம்பம்தானே பெரிசா நிக்குது?"

அவர் இயர்போனைக் கழற்றினார். திரையில் எதையோ தொட்டார். பச்சைக் கம்பங்கள் நகர்ந்து, இன்னொரு பக்கம் வந்தது. அப்படியொரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் சிவப்புக் கம்பங்கள். பாப்பாவுடையது மேல்விளிம்பைத் தொட்டு நின்றது.

பிறகு அந்த டிக்கெட் படிவத்தைத் திறந்தார். அதில் சின்னதாக ஒரு பெட்டி. திறக்கும்போதே 'ஃபால்ட்' என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பழுது என்று அர்த்தம். அதை அழுத்தினால் கீழே 'ரெக்வெஸ்ட்' என்று இன்னொரு சொல் இறங்குகிறது. வேண்டுகோள்.

"இதை மாத்தி ரெக்வெஸ்ட்னு போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது மேடம். எல்லாரும் அப்படியே விட்டுட்டாங்க. அதனால எல்லாமே பழுதா ஏறிடுச்சு. ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் பழுதுன்னா, பாக்குற ஆள் சரியா பாக்கலைன்னு சிஸ்டம் எடுத்துக்கும்."

பாப்பா நல்ல பிள்ளை என்று எழுதினது பழுது. நன்றி என்று எழுதினது பழுது. அந்தப் பத்தி பிரித்த நற்சான்றிதழும் பழுது.

"இப்ப மாத்திடுங்க சார்!"

"மூடின டிக்கெட் லாக் ஆயிடும் மேடம். திறந்திருந்தா மாத்தலாம். பாப்பா எல்லாத்தையும் அன்னைக்கே மூடிட்டாங்க."

"இதை ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

"மெயில் போட்டேனே."

"எந்திரிச்சு வந்து ரெண்டு அடியில ஒரு வார்த்தை சொன்னா என்ன சார்?"

அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அது வராது மேடம். நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க மேனேஜர், உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சேன்."

எங்கே போய் முட்டிக்கொள்வது? தெரிந்தவருக்குச் சொல்ல வரவில்லை. சொல்லத் தெரிந்தவளுக்கு விஷயம் தெரியவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சரி, இன்னும் வாய் இருக்கிறதே என்று தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டேன். லீடையும் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டேன். மறுமுனையில் பெரிய அதிகாரி, எப்போதும் என்னிடம் அன்பாகப் பேசுகிறவர். நான் என் கைவரிசை அத்தனையையும் காட்டினேன். வாட்ஸ்அப் கதையைச் சொன்னேன், ஒயரைப் பிடுங்கின புண்ணியவானைச் சொன்னேன், அவரைச் சிரிக்கவே வைத்துவிட்டேன். நாற்காலியைத் தொட்டுப் பார்த்த அப்பாவைப் பற்றிச் சொன்னபோது மறுமுனையில் சத்தமே இல்லை. ஆள் இளகிவிட்டார், எனக்குத் தெரியும், அந்த மௌனம் எனக்குப் பழக்கம்.

"மேடம், நீங்க சொல்றது புரியுது" என்றார். "நானும் கிளையன்ட்கிட்ட எதையாவது காட்டணும்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுல நிஜப் பழுது எவ்வளவு, சும்மா போட்டது எவ்வளவு? பிரிச்சுத் தர முடியுமா?"

எனக்கு எங்கே தெரியும்? லீடைப் பார்த்தேன். அவர் போன் பக்கம் குனிந்தார்.

"பிரிக்க முடியாது சார். எல்லாமே ஃபால்ட்னுதான் பதிவாகியிருக்கு. சிஸ்டம்படி ரிப்போர்ட் கரெக்ட்தான்."

கண்ணால் சாடை காட்டினேன். ஐயோ, நிறுத்து, வேறு ஏதாவது சொல் என்று. அவர் அதை, சரியாகக் கேட்கவில்லை, உரக்கச் சொல் என்று எடுத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட்ல தப்பே இல்லை சார்" என்றார், சத்தமாக.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்புறம் நான் என்ன மேடம் செய்ய முடியும்?" போன் வைக்கப்பட்டது.

"ஏன் சார்? ஏன்?" என்று கத்தியே விட்டேன். "பொய் சொல்லச் சொல்லல. நல்லா வேலை பாக்குற பொண்ணு சார்னு கூட ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் நிஜமாகவே குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். "அதை நீங்கதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களே மேடம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சாயந்திரம் தலைமை ஆபீஸுக்குப் பக்கம் பக்கமாக ஒரு மெயில் எழுதினார். தப்பு அந்தப் பெட்டியை அப்படி வைத்த முறையில் இருக்கிறது, அந்தப் பெண்ணிடம் இல்லை என்று படங்கள் போட்டு விளக்கியிருந்தாராம். அதற்குப் பதில் வரவில்லை. அவ்வளவு நீளத்தை யார் படிப்பார்கள்?

பாப்பாவிடம் நான்தான் சொன்னேன். அந்தப் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். அவங்க போட்டதாலதான் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. ஆளு கொறைக்கிறாங்க, அதான்னு சொல்லிடுங்க."

அப்படியே சொன்னேன். கடைசி நாளன்று அண்ணன் ஒரு பை நிறைய முந்திரிப்பருப்போடு வந்தார். அவள் கையில் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப் போனார். கண் கலங்கியிருந்தது.

"நம்ம மேலதாம்மா தப்பு. ஆளுங்க கடேசி வாரத்துல கொஞ்சம் அசந்துட்டானுங்க. இன்னும் நாலு டிக்கெட்டு சேர்த்துப் போட்டிருந்தா நின்னுருக்கும்."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் அவர் உடைவார், சொல்லாவிட்டால் நான். பேசிப் பேசியே பிழைத்தவளுக்கு அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலையாக இருந்தது.

பாப்பா இப்போது விருத்தாசலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். போன் செய்தால் சிரித்துக்கொண்டேதான் பேசுகிறாள். போன தடவை, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்லீங்க மேடம். கம்ப்யூட்டருதான். என்னா, நின்னுக்கினே பாக்கணும். ஒக்கார எடம் கெடையாது." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட அத சொல்லல."

சமீபத்தில் ஒருநாள் மதியம் லீடு இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மேடம், ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்று கூப்பிட்டார். வாய் திறந்து. நான் பயந்துபோய் எழுந்தேன்.

அவர் திரையில் ஒரு டிக்கெட் இருந்தது. எடைமேடையிலிருந்து. "மிஷின் எல்லாம் நன்றாக ஓடுகிறது. பாப்பா மட்டும் இல்லை. பாப்பாவைத் திரும்ப வேலைக்கு வைக்கவும்." அதன் கீழே கேட்டிலிருந்து ஒன்று, அதே வாசகம். ஸ்டோர்ஸிலிருந்து ஒன்று. அண்ணன் மறுபடி குரூப்பில் போட்டிருக்கிறார். இந்தத் தடவை யாரும் அசரக் கூடாது என்று சொல்லியிருப்பார்.

பாப்பா பெயர் இப்போது சிஸ்டத்தில் இல்லை. ஆள் இல்லாத டிக்கெட் எல்லாம் தானாக லீடு பெயருக்கு வந்து விழும் என்றார். சிவப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அவர் பெயருக்கு நேரே கம்பம் வளர ஆரம்பித்திருந்தது.

"மாத்திடுங்க சார்" என்றேன். "இது இன்னும் திறந்துதானே இருக்கு. அந்தப் பெட்டில வேண்டுகோள்னு மாத்திடுங்க. இல்லைனா உங்க தலையில வந்து விடியும்."

அவர் அந்தப் பெட்டியை அழுத்தினார். 'ரெக்வெஸ்ட்' கீழே இறங்கியது. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எடுத்துவிட்டார். பெட்டி பழையபடி மூடிக்கொண்டது.

"இல்லை மேடம்" என்றார். "இது ஃபால்ட்தான்."

அவர் பக்கத்திலேயே காலியாகக் கிடந்த பாப்பாவின் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒர்க்‌ஷாப்பிலிருந்து இன்னொன்று வந்தது.